அந்த இரண்டாவது வாக்கு: எல்லை நிர்ணயம் செய்ய வருகிறவர்களுக்கு மட்டக்களப்பிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும்,

மாகாண சபைக்கோ பாராளுமன்றத்துக்கோ இனி எப்போது தொகுதிகளை வரைந்தாலும், வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பேனாவோடு குனியப் போகிறவர்கள் நீங்கள். உங்களை நியமிக்கிற பாராளுமன்ற உறுப்பினர்களும் இதைப் படித்தால் நல்லது. நான் கல்லடிக்காரன். படிப்பித்து ஓய்வுபெற்றவன். படிப்பித்த காலம் முழுக்க, தேர்தல் என்று ஒன்று வந்தால் வாக்குப்பெட்டியோடு எங்கேயாவது ஓர் ஊருக்கு என்னை அனுப்பிவிடுவார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

1965 மார்ச் 22. எனக்கு அப்போது ஒன்பது வயது. அப்பா வாக்குப் போட்டுவிட்டு வந்து, சாய்மனைக் கதிரையில் இருந்தபடி அம்மாவிடம் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “ஒன்று வீட்டுக்கு, ஒன்று யானைக்கு.” அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. வீடு தமிழரசுக் கட்சியின் சின்னம், ராசதுரை அதன் வேட்பாளர். யானை ஐக்கிய தேசியக் கட்சியின் சின்னம். தமிழரசுக் கட்சிக்காரர் வீட்டில் யானைக்கு என்ன வேலை? அப்பா அசையவில்லை. “ராசதுரை எப்படியும் வெல்லுவார். மற்ற ஆசனம் காத்தான்குடி, ஏறாவூர்ச் சனத்துக்கும் வேண்டாமா?” என்றார். இரண்டும் முஸ்லிம் ஊர்கள். அப்பாவுக்குக் காத்தான்குடியில் ஒரு கூட்டாளி இருந்தார். துணி வியாபாரி, எங்களுக்கெல்லாம் அவர் காக்கா, அதாவது அண்ணன். காக்காவும் அன்று தன் இரண்டாவது வாக்கை ராசதுரைக்குப் போட்டதாகப் பின்னாளில் என்னிடம் சொன்னார். போட்டாரோ இல்லையோ, சொன்னார். அப்படிச் சொல்ல வேண்டும் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய விசயம்.

உங்களில் வயது குறைந்தவர்களுக்கு இது புதிராக இருக்கலாம். 1960 மார்ச் தேர்தலில் இருந்து 1977 தேர்தல் வரை மட்டக்களப்பு இரட்டை அங்கத்தவர் தொகுதி. ஒரு தொகுதி, இரண்டு ஆசனம், ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு வாக்கு. அதிக வாக்கு எடுத்த முதல் இருவரும் எம்பி. வெள்ளைக்காரன் காலத்துச் சோல்பரி ஆணைக்குழுவின் யோசனையில் பிறந்த ஏற்பாடு இது. சனம் கலந்து வாழும் இடத்தில் ஒரே ஆசனத்தை வைத்துக்கொண்டு கூடுதலானவர்கள் குறைந்தவர்களை விழுங்காமல் இருக்கப் பல அங்கத்தவர் தொகுதி உதவும் என்று நினைத்தார்கள். கொழும்பு மத்திக்கு மூன்று ஆசனம் கிடைத்ததும் அதனால்தான். எங்கள் பக்கம் மூதூரும் இரட்டைத் தொகுதியாக இருந்தது.

அதற்கு முன்னால் நடந்ததையும் ஒருக்கால் பாருங்கள். 1947இல் மட்டக்களப்புத் தொகுதிக்கு ஒரே ஆசனம். வென்றவர் அகமது லெப்பை சின்னலெப்பை. 1952இல் சுயேச்சையாக வந்த ஆர். பி. கதிராமர். 1956இல் செல்லையா இராசதுரை. தமிழரசுக் கட்சியின் ‘சொல்லின் செல்வர்’ அவர், அன்று நுழைந்து 33 வருடம் பாராளுமன்றத்தில் இருந்தார். ஒவ்வொரு தேர்தலிலும் வென்ற பக்கம் வெடி கொளுத்தும், மற்றப் பக்கம் ஐந்து வருடம் வாய் மூடி இருக்கும். ஒற்றை ஆசனம் என்றால் வேறு வழியில்லை.

இரட்டைத் தொகுதி வந்த 1960இல் இராசதுரையும் மாக்கான் மாக்காரும் போனார்கள். 1965இல் இராசதுரையும் அப்துல் லத்தீப் சின்னலெப்பையும். ஒரு தமிழர், ஒரு முஸ்லிம். இதைச் சட்டத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. புள்ளடி போடுகிற சனமே அப்படிச் செய்தது. அதைவிடப் பெரிய வேலை தேர்தலுக்கு முன்னால் நடந்தது. இரண்டாவது வாக்கு கையில் மிஞ்சி இருக்கிறபடியால், தமிழ் வேட்பாளர் காத்தான்குடிக்கும் போய்த்தான் ஆக வேண்டும், முஸ்லிம் வேட்பாளர் கல்லடி முகத்துவாரத்துக்கும் வந்துதான் ஆக வேண்டும். மேடையில் மற்றவரைத் தாறுமாறாகப் பேசினால் அடுத்த ஊரின் இரண்டாவது வாக்குப் போய்விடும். நாக்குக்கு அது ஒரு கடிவாளம்.

சரி, தேன் ஓடியது என்று கதை விட நான் வரவில்லை. எல்லாரும் அப்பாவைப் போலப் போடவில்லை. தங்கள் ஆளைத் தாண்டி ஒரு புள்ளடியும் வெளியே போகவிடாதவர்கள் இரண்டு பக்கமும் நிறைய இருந்தார்கள். 1970இல் சுயேச்சை வேட்பாளர் ராஜன் செல்வநாயகமும் இராசதுரையும் வந்தார்கள். இரண்டு ஆசனமும் தமிழருக்கு. அந்த முறை காக்கா வீட்டில் யாரும் வெடி கொளுத்தவில்லை. நாங்களும் அதைப் பெரிதாக யோசிக்கவில்லை என்பதை இப்போது எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

1977 ஜூலை 21 நான் முதல் முதல் வாக்குப் போட்ட நாள். அந்த முறை வேறு கூத்து. தமிழர் விடுதலைக் கூட்டணி இராசதுரைக்கு உதயசூரியன் சின்னத்தைக் கொடுத்தது. அதே பக்கத்தில் காசி ஆனந்தன் தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் இறங்கினார். ஒரே கட்சிக் குடும்பத்தில் இரண்டு சின்னம், தமிழ் வாக்காளனுக்கு இரண்டு வாக்கு. கணக்கைப் பாருங்கள்: இப்போது இரண்டாவது வாக்கு வெளியே போக வேண்டிய அவசியமே இல்லை. எங்கள் ஒழுங்கையில் அண்ணன் சூரியன், தம்பி வீடு என்று சோறு தண்ணி இல்லாமல் சண்டை. கடைசியில் இராசதுரையும் ஐக்கிய தேசியக் கட்சியின் டாக்டர் பரீத் மீராலெப்பையும் வென்றார்கள், காசி ஆனந்தன் தோற்றார். 1979இல் இராசதுரை ஆளுங்கட்சிக்குப் போய் அமைச்சரானார். அவருக்கும் தலைமைக்கும் இடையில் விழுந்த வெடிப்பு 1977 வேட்புமனுவில் தொடங்கியது என்பது இந்த ஊரில் பலரின் எண்ணம். எனக்கும் அதுதான். ஆக இரட்டைத் தொகுதி ஒரு மந்திரக்கோல் இல்லை. கட்சிகள் நினைத்தால் அதையும் கெடுக்கலாம், கெடுத்தார்கள். ஆனாலும் ஒற்றைத் தொகுதியையும் இதையும் பக்கத்தில் வைத்து எது மேல் என்று கேட்டால், யோசிக்காமல் இதைத்தான் சொல்லுவேன்.

கல்குடாவையும் பட்டிருப்பையும் விட்டுவிட முடியாது, மாவட்டத்தின் மற்ற இரண்டு தொகுதிகள் அவை. கல்குடாவில் 1947இல் வென்றவர் வ. நல்லையா. 1944இல் அரசாங்க சபையில் ஜே. ஆர். ஜெயவர்தன சிங்களத்தை ஆட்சிமொழியாக்கும் பிரேரணையைக் கொண்டுவந்தபோது, அதில் தமிழையும் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தவர் இவர்தான். எங்கள் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்? படிப்பித்த எனக்கே ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது. 1965, 1970, 1977 என்று மூன்று தரம் அதே கல்குடா, ஐக்கிய தேசியக் கட்சியின் கே. டபிள்யூ. தேவநாயகத்தை அனுப்பியது. அவர் நீதி அமைச்சராகவும் இருந்தார். பட்டிருப்பில் எஸ். யு. எதிர்மன்னசிங்கமும் எஸ். எம். இராசமாணிக்கமும் மாறி மாறி வென்றார்கள், தோற்றார்கள். இராசமாணிக்கத்தின் பேரன் சாணக்கியன் இன்று பாராளுமன்றத்தில் இருக்கிறார். வெளியில் இருந்து பார்க்கிறவர்கள் கிழக்குத் தமிழர் ஒரே கட்சிக்கு மந்தை போலப் போடுகிறவர்கள் என்று நினைக்கிறார்கள். மூன்று தொகுதிகளும் மூன்று மாதிரிப் போட்டிருக்கின்றன. வரைபடத்தில் வர்ணம் அடிக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

தெற்கே இறங்கினால் அம்பாறை. 1961 வரை அதுவும் மட்டக்களப்பு மாவட்டம்தான். 1956இல் கல்முனையில் கேட் முதலியார் காரியப்பரும் பொத்துவிலில் எம். எம். முஸ்தபாவும் தமிழரசுக் கட்சியில் நின்று வென்றார்கள். கொஞ்ச நாளில் இருவரும் அரசாங்கப் பக்கம் போய்விட்டார்கள், அது வேறு கதை. 1977இல் பொத்துவிலும் இரட்டைத் தொகுதியாகி, ஐக்கிய தேசியக் கட்சியின் ஜலால்தீனும் கூட்டணியின் கனகரத்தினமும் வந்தார்கள். கனகரத்தினமும் கட்சி மாறினார். 1978 ஜனவரியில் கொழும்பில் அவரைச் சுட்டார்கள், 1980இல் இறந்தார். (நீங்கள் கோட்டை எவ்வளவு நேராகப் போட்டாலும் எங்கள் ஆட்கள் அதைத் தாண்டத்தான் செய்வார்கள். 1979இலும் கட்சி தாண்டினார்கள், 2018இலும் தாண்டினார்கள். அதற்கு உங்களைக் குறை சொல்லமாட்டேன்.)

அப்புறம் விகிதாசாரம், அதாவது கட்சி எடுக்கிற வாக்குக்கு ஏற்ப ஆசனம். 1989 பெப்ரவரியில் தொகுதி என்பது வாக்கெண்ணுகிற ஒரு பிரிவாகச் சுருங்கி, மாவட்டம் முழுதும் ஒரே களமானது. அதற்குக் கொஞ்சம் முன்புதான், ஆசனம் எடுக்க எட்டில் ஒரு பங்கு வாக்கு வேண்டும் என்றிருந்த வெட்டுப்புள்ளியை இருபதில் ஒன்றாகக் குறைத்தார்கள். முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் எம். எச். எம். அஷ்ரஃப் அதற்காக நெருக்கியவர் என்பது ஊரறிந்தது. மட்டக்களப்புக்கு ஐந்து ஆசனம். அந்த முதல் தேர்தலில் கூட்டணித் தலைவர் அமிர்தலிங்கமே இங்கே வந்து நின்று, கட்சிக்குள் ஆளைத் தெரிகிற விருப்பு வாக்கில் தோற்று, கட்சி நேரே நியமிக்கிற தேசியப் பட்டியலில்தான் பாராளுமன்றம் போனார். எங்கள் சனம் பெரிய பெயருக்கு மயங்குகிற சனம் இல்லை என்று அதை நான் பெருமையாகச் சொல்வதுண்டு. அந்தத் தேர்தல் எப்படிப்பட்ட நாட்களில் நடந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பெருமை பாதியாகக் குறையும்.

நியாயமாகப் பார்த்தால் விகிதாசாரம் எங்களுக்குத் தலை எண்ணிக்கையில் குறை வைக்கவில்லை. ஐந்தில் மூன்றோ நான்கோ தமிழர், ஒன்றோ இரண்டோ முஸ்லிம் என்று அன்று முதல் 2024 வரை வந்திருக்கிறது. 2020இல் விளக்கமறியலில் இருந்தபடி முன்னாள் முதலமைச்சர் பிள்ளையான் 54,198 விருப்பு வாக்கோடு மாவட்டத்தில் முதலாவதாக வந்தார், 2024இல் அவர் கட்சிக்கு ஓர் ஆசனமும் இல்லை. அதே 2024இல் நாட்டின் 22 தேர்தல் மாவட்டங்களில் 21ஐத் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி எடுத்தது, எடுக்காத ஒன்று மட்டக்களப்பு. வீட்டுக்கு மூன்று, திசைகாட்டிக்கு ஒன்று, முஸ்லிம் காங்கிரஸின் மரத்துக்கு ஒன்று. இப்படி ஒரு முடிவை ஒற்றை ஆசனத் தொகுதிகளால் தர முடியாது.

குறை இரண்டு இடத்தில். முதலாவது, இடைத்தேர்தல் என்பதே இல்லாமல் போனது. மட்டக்களப்பு எம்பி சாம் தம்பிமுத்துவை 1990இல் கொன்றபோது ஜோசப் பரராஜசிங்கம் அந்த இடத்துக்கு வந்தார். 2000இல் நிமலன் சௌந்தரநாயகம் கொல்லப்பட்டார். 2004இல் கிங்ஸ்லி இராசநாயகம் வென்ற கையோடு பதவி விலகினார், அந்த வருடமே கொல்லப்பட்டார். ஜோசப் அவர்களை 2005 நத்தார் நள்ளிரவு ஆராதனையில், மரியன்னை பேராலயத்துக்குள் வைத்துச் சுட்டார்கள். ஒவ்வொரு முறையும் பட்டியலில் அடுத்தவரோ கட்சி சொன்னவரோ வந்தார், சனத்திடம் யாரும் திரும்பி வரவில்லை. 2023இலும் நசீர் அகமட்டின் ஆசனம் உயர் நீதிமன்றத் தீர்ப்போடு அலிசாஹிர் மௌலானாவுக்குப் போனது. சட்டப்படி சரிதான். ஆனாலும் ஓர் ஆசனம் வெறுமையானால் ஊர் வாய் திறந்து ஏதாவது சொல்ல ஓர் இடைத்தேர்தல் இருந்த காலத்தை நான் பார்த்தவன்.

இரண்டாவது, பிரிந்தால் விழும் அடி. 2020இல் அம்பாறையில் கருணா அம்மானின் கட்சி 29,379 வாக்கு, வீடு 25 ஆயிரத்துச் சொச்சம். கூட்டினால் ஐம்பத்து நாலாயிரத்துக்கு மேல். முஸ்லிம் கட்சியான தேசிய காங்கிரஸ் 38 ஆயிரத்துச் சொச்சத்தில் ஓர் ஆசனம் எடுத்தது, ஐம்பத்து நாலாயிரம் தமிழ் வாக்குக்குப் பூச்சியம். கடைசியில் தேசியப் பட்டியலில் தவராசா கலையரசனை அனுப்பி ஒப்பேற்றினார்கள். 2024இல் கோடீஸ்வரன் வென்ற பிறகுதான் திருக்கோவில், காரைதீவுப் பக்கம் மூச்சு வந்தது.

இவ்வளவையும் ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்றால், 2017இல் வந்த மாகாண சபைத் தேர்தல் திருத்தச் சட்டம் மறுபடி தொகுதிக்குப் போகச் சொல்கிறது. பாதி தொகுதி, பாதி பட்டியல். அதற்காக ஒரு குழு எல்லை வரைந்து கொடுத்தது. 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்தில் அந்த அறிக்கைக்கு எதிராக 139 வாக்கு. ஆதரவாக ஒன்றுகூட இல்லை. சபைக்குக் கொண்டுவந்த அமைச்சரே ஆதரிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் மாணவர் தலைவர் தெரிவில்கூட நிற்கிறவன் தனக்குத் தானே ஒரு வாக்குப் போட்டுக்கொள்வான். அதோடு மாகாண சபைத் தேர்தல் கிணற்றில் போட்ட கல். கிழக்கு மாகாண சபைக்கு நாங்கள் வாக்குப் போட்டது இரண்டே தரம், 2008இலும் 2012இலும். 2017இல் அதன் காலம் முடிந்தது. 2012இல் பிறந்த பிள்ளைக்கு இன்று மீசை அரும்புகிறது, மாகாண சபை உறுப்பினர் என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியாது.

ஆகவே முதல் சொல்: எல்லை சரிவரும் வரை தேர்தல் இல்லை என்று சொல்லாதீர்கள். பழைய விகிதாசார முறையில் நடத்திவிட்டு எல்லையை ஆறுதலாக வரையுங்கள். இதற்குச் சட்டம் திருத்த வேண்டும், திருத்துங்கள். மற்றதுக்கெல்லாம் ஒரு நாளில் திருத்துகிறீர்களே.

வரையத்தான் போகிறீர்கள் என்றால், எங்கள் நிலத்தை ஒருக்கால் வந்து பாருங்கள். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. எழுவான்கரையில் ஒரு தமிழ் ஊர், ஒரு முஸ்லிம் ஊர் என்று மணி கோத்த மாதிரி நெருக்கமாகக் கிடக்கும். காத்தான்குடியில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் கை நுழையாது. கல்லடியில் இருந்து சைக்கிள் மிதித்தால் பத்து, பதினைந்து நிமிடத்தில் மூன்று ஊர் கடந்துவிடலாம். இதற்குள் ஒற்றை ஆசனக் கோடு எங்கே போட்டாலும் ஒரு பக்கத்துக்கு இரத்தம் வரும். கோட்டுக்கு இந்தப் பக்கம் சிக்கின ஐயாயிரம் பேர் எந்தக் காலத்திலும் வெல்லாத ஐயாயிரம் பேர் ஆகிவிடுவார்கள். அவர்கள் வீட்டுப் படியை எந்த வேட்பாளரும் மிதிக்கமாட்டார். அங்கே இரட்டைத் தொகுதி வையுங்கள். உள்ளூராட்சித் தேர்தலில் பல அங்கத்தவர் வட்டாரம் என்று ஏற்கெனவே வைத்திருக்கிறீர்கள், அது ஒன்றும் வானத்தில் இருந்து விழுந்த யோசனை இல்லை. வைத்தால், வாக்காளனுக்கு இரண்டு வாக்குக் கொடுங்கள். ஒரு வாக்கைக் கொடுத்துவிட்டு இரண்டு ஆசனம் என்பது அரைக் கிணறு தாண்டுகிற வேலை.

படுவான்கரையின் கதை வேறு. வவுணதீவு, பட்டிப்பளை, வெல்லாவெளி என்று நிலம் பரந்து கிடக்கும், சனம் குறைவு. தலையை மட்டும் எண்ணிக் கோடு போட்டால் இந்தச் சனத்தை வாவிக்கு இங்கால் பக்கத்து ஊர்களோடு சேர்த்துத் தைத்துவிடுவீர்கள். அப்போது எம்பியும் மாகாண சபை உறுப்பினரும் எழுவான்கரையிலேயே பிறப்பார்கள். முன்னைய காலத்தில் 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்பதோடு 1,000 சதுர மைலுக்கு ஓர் ஆசனம் என்றும் கணக்கு வைத்தார்கள். வெள்ளைக்காரன் காலத்து யோசனை என்று தள்ளாதீர்கள். யானை வருகிற காட்டு ஊருக்கும் ஒரு குரல் வேண்டும் என்று அதில் ஓர் அர்த்தம் இருந்தது.

மண்முனைப் பாலம் 2014இல்தான் வந்தது. அதற்கு முன் நாங்கள் வாக்குப்பெட்டியைப் பாதையில் ஏற்றித்தான் கொண்டுபோவோம். உங்களுக்குப் பாதை என்றால் ரோடு. எங்களுக்கு வாவியில் ஆளையும் வண்டியையும் ஏற்றிப் போகிற மிதவை. ஒரு தேர்தலன்று மாலை, எண்ணுகிற நிலையத்துக்குப் பெட்டியோடு திரும்பும்போது பாதை நடு வாவியில் நின்றுவிட்டது. பொலிஸ்காரர் ஒருவர், நான், இன்னும் நாலு உத்தியோகத்தர், நடுவில் சாக்கால் மூடின பெட்டி. கரையில் நின்ற கிழவி ஒருத்தி கூப்பிட்டுக் கேட்டாள்: “மகன், எங்கட வாக்கு நனைஞ்சு போச்சா?” இல்லை ஆச்சி என்று கத்தினேன். அவள் போகவில்லை. மிதவை மறுபடி அசைந்து எங்கள் கரை சேரும் வரை இருட்டுக்குள் நின்றாள்.

அவளை மாதிரி ஆட்கள் உங்கள் குழுவின் முன்னால் வந்து பேச வேண்டும். ஆகவே கருத்துக் கேட்கிற அமர்வைக் கச்சேரி (மாவட்டச் செயலக) மண்டபத்தில் மட்டும் வைத்துவிட்டுப் போகாதீர்கள். ஒன்றைக் கொக்கட்டிச்சோலையில் வையுங்கள், ஒன்றை வாகரையில், ஒன்றைக் காத்தான்குடியில். வரைபடத்தைத் தமிழில் அச்சடித்து, ஊர்ப் பெயர்களைப் பிழையில்லாமல் போட்டு, ஒரு மாதத்துக்கு முன்பே கிராம உத்தியோகத்தர் அலுவலகச் சுவரில் ஒட்டுங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் வேண்டாம், சனம் பள்ளிவாசலில் இருக்கும். மாசி, பங்குனியிலும் வேண்டாம். அப்போது மாரிப்போக வேளாண்மை வெட்டு, படுவான்கரையில் ஓர் ஆளும் வீட்டில் இருக்காது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கல்லடி, மட்டக்களப்பு.